நூற்றுக்கு ஆறு

டுமகெட்டே
2 மே 2016

பெர்லிட்டாவுக்கு, டென்சியோ எழுதுவது.

போனில் பேசினால் மூன்றாம் நிமிடமே சண்டை வருகிறது, அதனால் இனி எதுவானாலும் படங்கள் வரும் டிஸ்க்கோடு கடிதமாக வரட்டும் என்று, காவல் படகில் வந்துபோகும் பொன்சோ அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். நல்ல யோசனை. மூன்று வருடமாகத் தனித்தனியே இருக்கும் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள் என்கிற நகர சபையை என்ன சொல்வது. இந்தப் பக்கத்தில் பவளப்பாறை பற்றிப் படித்தவள் நீ ஒருத்தி, பெரிய படங்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான் ஒருத்தன். அவர்களுக்கும் வேறு வழியில்லை.

லிமசான் தீவின் வடக்கே, கடலுக்கடியில் இருக்கும் பவளச் சரிவில் நீ பத்து நாள் முங்கி எடுத்த பதினோராயிரம் போட்டோவையும் ஒட்டி ஒரே படமாக்கிவிட்டேன். தரையில் ஒரு மில்லிமீட்டருக்குப் படத்தில் ஒரு புள்ளி. அகலம் ஒரு லட்சத்து இருபதாயிரம் புள்ளி, உயரம் தொண்ணூறாயிரம். டிஸ்க்கில் இரண்டு கோப்பு இருக்கும். பெரியதைத் தொடாதே, உன் லேப்டாப்பால் முடியாது. அதையே குறைத்து 'சின்னது' என்று பெயர் போட்டிருக்கிறேன், அதைத் திற. பவளம் வெளுத்துப் போன இடங்களைச் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோடுகளை மட்டும் சேமித்து அனுப்பு.

ஜூன் நான்காம் தேதி சபை கூடுகிறது. சட்டம் உனக்கே தெரியும். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வெளுத்திருந்தால் சரிவு இன்னொரு வருடம் மூடியே இருக்கும். குறைவாக இருந்தால் சுற்றுலாப் படகுகளுக்குத் திறந்துவிடுவார்கள். நம் சொந்த விஷயத்தை இதில் கலக்க வேண்டாம்.

டிஸ்க்கைச் சுற்றியிருப்பது உன் பழைய துண்டு. அலமாரியில் கிடந்தது.

டென்சியோ


லிமசான்
6 மே

மதிப்பிற்குரிய திரு. டென்சியோ அவர்களுக்கு,

தொடாதேன்னு எழுதினா தொடாம இருக்கிற பொம்பளையைப் பார்த்து நீங்க கட்டியிருக்கணும். பெரிய படத்தைத்தான் முதல்ல திறந்தேன். லேப்டாப் உள்ள காத்தாடி ஒரு சத்தம் போட்டுச்சு, திரை வெளிறிப் போச்சு, அப்புறம் எதை அமுக்கினாலும் அசையல. இங்க மதியம் பன்னெண்டுல இருந்து ஆறு மணி வரைக்கும்தான் கரண்ட்டு. அதுல ரெண்டு மணி நேரம் இதுக்கே போச்சு. கடைசியில பேட்டரியைக் கழட்டி மாட்டினதும்தான் உயிர் வந்துச்சு.

சின்னது நல்லா திறந்துச்சு. பத்து நாளா கைக்கெட்டுற தூரத்துல துண்டு துண்டா பார்த்த இடம், மேல இருந்து ஒரே பார்வையில இப்படி இருக்கும்னு நினைக்கல. அழுதுட்டேன். அதை நீங்க ரிப்போர்ட்ல சேர்க்க வேண்டாம்.

மொத்தம் இருநூத்திப் பதினாலு இடம் கோடு போட்டிருக்கேன். என் கண்ணளவுல நூத்துக்கு நாப்பது வெளுத்துப் போச்சு. காவலுக்குப் போற பொன்சோ அண்ணனும் அதேதான் சொல்றாரு. அவருக்கு ஒரு கண்ணுல புரை, இன்னொரு கண்ணால பார்த்துச் சொன்னாரு.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. வெளுத்தது செத்தது இல்ல. சூடு தாங்காம நிறத்தைத் துப்பிட்டு, பட்டினியா உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு வருஷம் யாரும் தொடாம விட்டா பாதியாவது பிழைக்கும். இப்ப போய் அது மேல நங்கூரம் விழுந்துச்சுன்னா அவ்வளவுதான்.

துண்டை நான் வச்சுக்கிட்டேன். பதிலுக்குக் காஞ்ச கணவாய் வச்சிருக்கேன். டிஸ்க்ல வாடை அடிச்சா பொன்சோ அண்ணனைத் திட்டாதீங்க.

பெர்லிட்டா


டுமகெட்டே
11 மே

பெர்லிட்டாவுக்கு,

கணவாய்க்கு நன்றி. டிஸ்க் நாறத்தான் செய்கிறது.

உன் கோடுகளைப் பெரிய படத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாலும் இடது பக்க மேல் மூலையில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாகக் குவிந்து கிடக்கின்றன. அங்கே பவளமே இல்லை. படத்தின் ஓரம் அது, போட்டோ எடுக்காத இடம், வெறும் வெள்ளை. எதைப் பார்த்து வரைந்தாய் என்று எனக்குப் புரியவில்லை. லேப்டாப் மாட்டிக்கொண்டபோது கோப்பு கெட்டிருக்கலாம். அவசரத்தில் வேறு எதையோ சேமித்திருக்கலாம். திட்டவில்லை, கேட்கிறேன்.

எப்படியும் அது தேவைப்படவில்லை. செபுவில் ஆஸ்பத்திரி லேபில் இருந்தபோது, நோயாளிகளின் சதைத் துண்டைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி எடுத்த படங்களை எண்ண ஒரு ப்ரோகிராம் எழுதினேனே, அதையே கொஞ்சம் மாற்றி ஓட்டினேன். இவ்வளவு பெரிய படத்தை எந்தக் கணினியும் ஒரே வாயில் விழுங்காது. அரை மீட்டர் சதுரமாக நாற்பத்து மூவாயிரத்து இருநூறு கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நான்கு நாள் ஆகும் என்று நினைத்தேன். வெற்றுக் கட்டங்களைத் தாண்டிப் போவதால் இரண்டே நாளில் முடிந்துவிட்டது.

வெளுத்தது நூற்றுக்கு ஆறு.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். சரிவு நன்றாகத்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

டென்சியோ


லிமசான்
15 மே

டென்சியோ,

ஆறா?

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன், கை தவறி ஒரு பூஜ்யத்தை விட்டுட்டியோன்னு. அறுபதுன்னு எழுதியிருந்தாக்கூட சரி, நான்தான் குறைச்சுச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டிருப்பேன். ஆறுங்கிறதை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல. நான் நாள் தவறாம இறங்குற இடம் அது. சரிவோட நடுவுல கொம்புப் பவளம் நாப்பது மீட்டருக்கு அடர்ந்து கிடக்கே, அது முழுக்க சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்குது. அது ஒண்ணே ஆறுக்கு மேல வரும்.

கோடு மூலைக்கு எப்படிப் போச்சுன்னு எனக்கும் விளங்கல. நான் வரைஞ்சது நடுவுல. இப்ப திறந்தாலும் என் திரையில நடுவுலதான் இருக்கு. ஒண்ணு என் லேப்டாப் பொய் சொல்லுது, இல்லேன்னா உன்னோடது. நீ அந்தச் சின்னப் படத்தைத் திறந்து உன் ரெண்டு கண்ணால ஒரு தடவை பாரேன். எண்ண வேண்டாம். சும்மா பாரு.

சொந்த விஷயத்தைக் கலக்காதேன்னு எழுதியிருந்த. கலக்குறேன். எனக்கு டெங்கு வந்த அன்னிக்கு காலையில, உடம்பு கொதிக்குது டென்சியோன்னு சொன்னேன். நீ தெர்மாமீட்டர் எடுத்து வச்ச. முப்பத்தேழு புள்ளி ரெண்டு, காய்ச்சல் இல்லைன்னு சொல்லிட்டு சட்டையை மாட்டிக்கிட்டு ஆபீஸ் போயிட்ட. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரங்க என்னை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அதுக்காக நான் உன்னை விட்டு வரல. ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டு இருக்கிறப்ப கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, தெர்மாமீட்டர்ல தப்பு இல்லைன்னு வாதாடின பாரு, அதுக்குத்தான் வந்தேன்.

ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புறேன். கையெழுத்து இல்ல.

பெர்லிட்டா


டுமகெட்டே
19 மே

பெர்லிட்டாவுக்கு,

தெர்மாமீட்டரில் தப்பு இல்லை. காலையில் காய்ச்சல் இல்லாமல் மதியம் ஏறியிருக்கலாம். இதை அன்றைக்கே சொன்னேன். விடு.

உனக்காக மறுபடி ஓட்டினேன், இங்கே லேபில் மூன்று கணினியில் ஒரே சமயத்தில். ஆறு, ஆறு, ஆறு. அதோடு நிற்கவில்லை. ப்ரோகிராம் எண்ணிய கட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு இருபதை எடுத்து, ஒவ்வொன்றையும் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பு, கரும்பழுப்பு, பச்சை கலந்த பழுப்பு. ஒன்றில் மட்டும் நகத்தளவு வெள்ளை. உன்னிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

சின்னப் படத்தையும் பார்த்தேன். வெளிறித்தான் இருக்கிறது. ஆனால் சின்னதில் இருநூற்றைம்பத்தாறு புள்ளிகளைக் கலந்து ஒரு புள்ளியாக ஆக்கியிருக்கிறது, உச்சி வெயிலில் எடுத்த படம் வேறு. அதன் நிறத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது. தண்ணீருக்கடியில் சிவப்பு முதலில் செத்துப்போகும், பழுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும் என்று எனக்கே பாடம் எடுத்தவள் நீதான். அது உனக்கும் பொருந்தும் இல்லையா? ஒரே இடத்தைப் பயத்தோடு தினம் தினம் பார்த்தால் எல்லாமே வெளுத்த மாதிரிதான் தோன்றும்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாற்பத்தாறு வயதாகிறது உனக்கு. கடல் உப்பில் இருபது வருடம். ஒரு தடவை டுமகெட்டே வந்து கண்ணைக் காட்டு. செலவு, அலைச்சல் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கையெழுத்து இல்லாவிட்டால் ரிப்போர்ட் செல்லாது. ரிப்போர்ட் இல்லாவிட்டால் மேயர் தன் இஷ்டத்துக்குத் திறப்பார். அப்போது எத்தனை படகு, எந்த நாள் என்று கட்டுப்பாடு கேட்கக்கூட நமக்கு வாய் இருக்காது. யோசி.

டென்சியோ


லிமசான்
26 மே

டென்சியோ,

உன் கடிதம் வந்த மறுநாளே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையைக் கையில எடுத்துக்கிட்டு இறங்கினேன். பவளத்துக்குப் பக்கத்துல அட்டையை வச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்ல. முதல் இடத்துல ரெண்டும் ஒரே வெள்ளையா இருந்துச்சு. அடுத்த இடத்துல பவளம் கொஞ்சம் மங்கல். இன்னும் கீழ போனா, மெலிசா ஒரு பாசி படிஞ்சு, வெள்ளையா பழுப்பான்னு சொல்ல முடியாத ஒரு நிறம். பார்க்கப் பார்க்க அட்டையே பழுப்பா தெரிய ஆரம்பிச்சுடுச்சு. காத்து தீருற வரைக்கும் அங்கேயே நின்னேன். மேல வந்து படகுல உக்கார்ந்து, என்ன பார்த்தேன்னு நோட்டுல எழுத முடியல.

மறுநாள் போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். ஒரு நாள் நாப்பதுன்னு தோணுது, ஒரு நாள் பதினஞ்சுன்னு தோணுது. நீ சொன்ன அப்புறம் பார்த்தா எனக்கே என் மேல சந்தேகம் வருது. பொன்சோ அண்ணன்கிட்ட கேட்டேன். "நான் பார்த்தது வெள்ளைதான் தாயி, ஆனா உங்க வீட்டுக்காரர் பெரிய மிஷின்ல பார்த்திருக்காரு, நான் அரைக் குருடன்"னுட்டாரு. கோடு போட்ட கோப்பை மறுபடி திறந்தேன். நடுவுலதான் இருக்கு. உன் திரையில மூலையில இருக்கு. நான் நடுவுலன்னு நினைச்சுக்கிட்டு மூலையில வரைஞ்சிருப்பேனோ? அப்படி ஒரு ஆள் செய்ய முடியுமா? ராத்திரி தூக்கம் வரலை டென்சியோ.

ஒரு மனுஷி பார்த்தது ஒரு பக்கம், நாப்பத்து மூவாயிரம் கட்டம் ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டுட்டேன். பாரு, ரெண்டாம் பக்கம். என் பேர் கொஞ்சம் கோணலா இருக்கும், படகுல வச்சுப் போட்டது.

கண் டாக்டர்கிட்ட நானே போய்க்கிறேன்.

பெர்லிட்டா


டுமகெட்டே
8 ஜூன்

பெர்லா,

உட்கார்ந்துகொண்டு படி. பொன்சோ அண்ணனிடம் வேறு எதையும் கொடுக்கவில்லை, இந்தக் கடிதத்தை மட்டும்தான் கொடுத்தேன். இன்றைக்கே உன் கையில் சேர்க்க வேண்டும் என்று கெஞ்சினேன்.

நான்காம் தேதி சபை முடிந்து, திறக்கலாம் என்று தீர்மானம் போட்டதும் வேலை முடிந்தது என்று டிஸ்க்கைக் காலி செய்ய உட்கார்ந்தேன். இடம் போதவில்லை. ஒவ்வொரு கோப்பாக அழித்துக்கொண்டு வந்தபோது உன் கோடுகள் வந்தன. அழிப்பதற்கு முன் ஏனோ, கோடு எங்கே விழுகிறது என்று சொல்லும் எண்களைத் திறந்து பார்த்தேன். எந்த எண்ணும் ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. சின்னப் படத்தின் அகலம் ஏழாயிரத்து ஐந்நூறு.

சின்னது அகலத்திலும் உயரத்திலும் பதினாறில் ஒரு பங்கு. நான்தான் குறைத்தேன். ஆஸ்பத்திரிப் படங்களில் சின்னதும் பெரியதும் ஒரே கோப்புக்குள் இருக்கும், சின்னதில் கோடு போட்டால் ப்ரோகிராமே அதைப் பெரியதின் அளவுக்கு மாற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில், உனக்குத் தனியாக வெட்டிக் கொடுத்தோம், பதினாறால் பெருக்க வேண்டியது நாம்தான் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. பெருக்கினேன். இருநூற்றுப் பதினாலும் மூலையை விட்டுப் படம் முழுக்க விரிந்து உட்கார்ந்தன. நீ ஒரு கோடுகூடத் தப்பாகப் போடவில்லை.

சரி, இவள் வரைந்த இடத்தில் என் ப்ரோகிராம் என்னதான் பார்த்தது என்று, எண்ணிய கட்டங்களுக்கெல்லாம் பச்சை பூசச் சொன்னேன். சரிவு முழுக்கப் பச்சை ஆனது, உன் கோடுகளுக்கு உள்ளே தவிர. உள்ளே ஒரு கட்டமும் பச்சை ஆகவில்லை பெர்லா. கொம்புப் பவளம் நாற்பது மீட்டரும் அப்படியே வெள்ளையாக நிற்கிறது.

கண்ணாடிச் சில்லில் சதை இல்லாத இடம் வெள்ளையாக இருக்கும். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, நேரம் வீண், தாண்டிப் போ என்று பத்து வருடம் முன்னால் ஒரு வரி எழுதினேன். அந்த வரி இதிலும் இருந்தது. உன் படத்தின் ஓரத்து வெள்ளையையும் தாண்டியது, நடுவில் வெளுத்துக் கிடந்த பவளத்தையும் வெற்று இடம் என்று தாண்டியது. தாண்டிய கட்டம் வெளுத்த கணக்கிலும் வராது, மொத்தக் கணக்கிலும் வராது. அந்த ஆறுகூட, பழுப்போடு கலந்து கிடந்த வெள்ளையில் வந்ததுதான். நான் எடுத்துப் பார்த்த இருபதும் ப்ரோகிராம் எண்ணியவற்றிலிருந்து எடுத்தவை. அதில் எப்படி வெள்ளை வரும்? பாதி நேரத்தில் முடிந்தது என்று உனக்குப் பெருமையாக வேறு எழுதினேன்.

அந்த வரியை எடுத்துவிட்டு, ஓரத்தைக் கையால் வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். மூன்று நாள் ஆனது. சரிவு மொத்தம் முப்பத்தோராயிரத்து இருநூறு கட்டம், வெளுத்தது பன்னிரண்டாயிரத்து அறுநூறு. நூற்றுக்கு நாற்பது.

உன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

டென்சியோ


லிமசான்
12 ஜூன்

டென்சியோ,

படிச்சதும் முதல்ல எனக்குச் சந்தோஷம்தான் வந்துச்சு. நான் பைத்தியம் இல்லைன்னு சமையலறையில நின்னு சத்தமா சொல்லிக்கிட்டேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம்தான் சரிவு ஞாபகம் வந்துச்சு. அந்த ரெண்டு நிமிஷத்தை நினைச்சா இப்ப வெக்கமா இருக்கு.

உனக்கு ஒண்ணு தெரியாது. கையெழுத்துப் போட்ட நாள்ல இருந்து நான் தண்ணிக்குள்ள இறங்கவே இல்ல. இறங்கி என்ன பண்றது, பார்க்கிறது எதுவும் நிஜம் இல்லையேன்னு மேலேயே உக்கார்ந்திருந்தேன். அஞ்சாம் தேதி முதல் படகு வந்துச்சு. சத்தம் கேட்டுச்சு, எட்டிப் பார்க்கல. உன் கடிதம் வந்த சாயங்காலமே பொன்சோ அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒரு நாளைக்கு பதினாலு படகு வருதாம், எல்லாம் ஒரே இடத்துலதான் நங்கூரம் போடுது, அங்கதான் ஆழம் தோதா இருக்கு. கொம்புப் பவளத்துக்கு நடுவுல நம்ம பழைய வீட்டு வாசல் அகலத்துக்கு ஒரு பாதை விழுந்திருக்கு. ஒடைஞ்சது எல்லாம் கீழ சரிஞ்சு கிடக்கு. ஒடைஞ்ச வாயைப் பார்த்தா உள்ள இன்னும் உசுரு இருக்கு டென்சியோ. பட்டினியா இருந்தாலும் உசுரோட இருந்துச்சு. ரெண்டு துண்டைக் கையில எடுத்தேன், எங்க வைக்கிறதுன்னு தெரியாம திரும்பக் கீழேயே வச்சேன்.

உன் மேல கோபமான்னு கேட்டா, இருக்கு. ஆனா ப்ரோகிராம் தப்புக்காக இல்ல. அது யாருக்கும் நடக்கும். உன் மேல விட என் மேலதான் கோபம். நீ ஆறுன்னு சொன்னதும் நான் என் கண்ணைத் தூக்கிப் போட்டுட்டு உன் பேச்சை வாங்கிக்கிட்டேன் பாரு, அதை என்னால தாங்க முடியல. இருபது வருஷமா கடலுக்குள்ள இருக்கிறவ நான்.

சரிவுல மிச்சம் நிறைய இருக்கு. தீர்மானத்தை மாத்தச் சொல்லி மேயருக்கு எழுது. இன்னிக்கே எழுது.

பெர்லிட்டா


டுமகெட்டே
16 ஜூன்

பெர்லா,

எழுதவில்லை, நேரிலேயே போனேன். மேயர் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒன்பது பக்கம் விளக்கம் கொண்டு போயிருந்தேன். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு மேயர் கேட்டார்: "போன மாசம் ஆறுன்ன, இந்த மாசம் நாப்பதுங்கிற. லாட்டரிக்கு நம்பர் குடுக்கிறவன்கூட இவ்வளவு மாத்த மாட்டான். ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, இப்ப எதை நான் நம்புறது?" கட்டம், ஓரம், வெள்ளை என்று ஏதோ சொன்னேன். பக்கத்தில் நின்ற கிளார்க் சிரித்தான்.

கடைசியில் இருபத்தைந்தாம் தேதி சபைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச இடம் கொடுத்திருக்கிறார்கள். படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் வருவார்களாம். அவர்களுக்கும் திறந்ததை மூடினால் நஷ்டம்தானே, சும்மா விட மாட்டார்கள்.

பேசுவதற்குத் தயார் செய்கிறேன். முதலில் ஒரு படம் எவ்வளவு பெரியது என்று சொல்லி, அதை ஏன் துண்டாக்க வேண்டும், கண்ணாடிச் சில்லு என்றால் என்ன, ஓரத்து வெள்ளை எது, பவளத்து வெள்ளை எது என்று பதினெட்டுப் படம் காட்டலாம் என்று இருக்கிறேன். பத்து நிமிடத்துக்குள் அடங்கவில்லை. நேற்று லேபில் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கே பாதியில் குழம்பிவிட்டது. எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. நீ பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். பதினெட்டையும் அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மூன்று நாளாக ஒரு கடிதம் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அது ஒரு விளக்கமாக முடிந்துவிடுகிறது. எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

டென்சியோ


லிமசான்
21 ஜூன்

டென்சியோ,

பதினெட்டுப் படத்தையும் பார்த்தேன். அழகா இருக்கு. ஒண்ணும் வேண்டாம்.

நேத்து பொன்சோ அண்ணனை உக்கார வச்சு முழுசா சொல்லிப் பார்த்தேன். சின்னப் படம், பெரிய படம், பதினாறு, கட்டம், தாண்டிப் போனது எல்லாம். தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாரு. முடிச்சதும், "அப்ப மிஷின் வெள்ளையைப் பார்க்கலையா, இல்ல பார்த்துட்டு சொல்லலையா?"ன்னு கேட்டாரு. அவரே இப்படின்னா, படகுக்காரங்க முன்னாடி நீ நின்னு கட்டம்னு ஆரம்பிச்சா முதல் நிமிஷத்துலயே ஏதோ மழுப்புறான்னு முடிவு பண்ணிடுவாங்க. தப்பை ஒத்துக்கிறவன் இவ்வளவு நேரம் பேச மாட்டான்னு அவங்களுக்குத் தெரியும்.

இருபத்தஞ்சாம் தேதி நானும் வரேன். கையெழுத்துப் போட்டவ நான், நானும் நிக்கணும். நம்பாமலே போட்டேன்னு என் வாயால சொல்லப்போறேன். ஒடைஞ்ச துண்டு நாலு வாளியில எடுத்துட்டு வரேன், கடல் தண்ணியோட. வேணுங்கிறவங்க எழுந்து வந்து எட்டிப் பார்க்கட்டும்.

உனக்கு நான் ஒரே ஒரு வாக்கியம் தரேன். டிஸ்க் வேண்டாம், திரை வேண்டாம், ஒம்பது பக்கமும் வேண்டாம். எழுந்து நின்னு இதை மட்டும் சொல்லு: "சரிவு வெளுத்துப் போச்சுன்னு என் பெண்டாட்டி சொன்னா, நான் நம்பல." அவ்வளவுதான். அந்த அறையில இருக்கிற அத்தனை பேருக்கும் அது புரியும். கல்யாணம் ஆனவங்க எல்லாருக்கும் இன்னும் நல்லாப் புரியும். அப்புறம் யாராவது எண்ணிக்கை கேட்டா நாப்பதுன்னு சொல்லிட்டு உக்காரு.

அதை உன்னால சொல்ல முடியுமான்னு எனக்குத் தெரியல. முடியும்னா அன்னிக்கு காலையில ஆறரை மணிக்கு உன் ஊர்ப் படகுத்துறைக்கு வா, வாளியைத் தூக்க ஒரு ஆள் வேணும். முடியாதுன்னா வர வேண்டாம், நான் தனியா போய்க்கிறேன்.

பெர்லா